சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறீர்களா? முதலில் சுவரைப் பாருங்கள்

பெயிண்ட் உரிந்து வந்தால் குற்றம் பெரும்பாலும் பெயிண்டில் இல்லை. அடியில் இருக்கும் ஈரத்திலும் தூசியிலும்தான். சந்தேகமான இடத்தில் ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உட்புறம் வியர்த்திருந்தாலோ அடியில் சுவர் கறுத்திருந்தாலோ ஓதம் இருக்கிறது. அதன் காரணத்தைச் சரிசெய்யாமல் வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

12-க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் சுவர்கள் 440 சதுர அடி. கதவு ஜன்னல் கழித்தால் 400. வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் சுவர் பெயிண்ட்) ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு முறை அடிக்க, சுமார் 100 சதுர அடி வரும். இரண்டு கோட்டுக்கு 8 லிட்டர். டப்பாக்களைப் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிட்டால் டப்பாவுக்கு டப்பா நிறம் மாறாது.

விரிசலைச் சுரண்டிப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்து, காய்ந்ததும் 180-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். (பழைய வீட்டுப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது.) துடைத்தபின் உள்ளங்கையால் தடவுங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் மறுபடி துடைக்க வேண்டும். பட்டி வைத்த இடத்தில் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்காமல் விட்டால், அங்கே மட்டும் பெயிண்டை உறிஞ்சித் திட்டுத் திட்டாகத் தெரியும்.

முதலில் கூரை, பிறகு சுவர். ஓரங்களில் பிரஷ்ஷால் 2 அங்குலம் அடித்து, அது காய்வதற்குள் ரோலரை உருட்டுங்கள். காய்ந்த ஓரத்தின்மேல் ஏறினால் கோடு விழும். அதனால் பாதிச் சுவரில் சாப்பிடப் போகாதீர்கள். பெயிண்ட் படக் கூடாத இடங்களை மறைக்க ஒட்டிய மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட்டு ஈரமாக இருக்கும்போதே சாய்வாக, மெதுவாக இழுங்கள்.