பழைய 1035 டிராக்டரை வீட்டில் மீட்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கொட்டகையில் பன்னிரண்டு வருடம் நின்றுவிட்ட அப்பாவின் மாசி பெர்குசன் 1035-ஐ மறுபடி ஓட வைக்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அதில் பாதி நாள், அவசரத்தில் நானே உண்டாக்கிய பழுதுகளைச் சரிசெய்வதில் போனது. இரும்பு அப்படியே நிற்பதால் அதற்கு வரும் சேதத்தைவிட, பொறுமையில்லாமல் நாம் கை வைப்பதால் வரும் சேதம் அதிகம். அதை எனக்கு இந்த வண்டிதான் சொல்லிக் கொடுத்தது.

பழைய வண்டியை விலைக்கு வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் அதில் உள்ளபடியே வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வருடத்துக்கு முன் அடைத்த வங்கிக் கடன் இன்னும் ஆர்.சி.யில் நீக்கப்படாமல் இருக்கலாம். அதற்கு வங்கியின் தடையில்லாச் சான்று வேண்டும். துருவைச் சுரண்டும்போது நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. அது அழிந்தால் எத்தனை அழகாக மீட்டாலும் வாகனப் பதிவு அலுவலகத்தில் நிற்க முடியாது.

அடுத்தது, எல்லோரும் செய்வது. வண்டியைப் பார்க்க நாலு பேர் வருவார்கள். "இன்னொரு வண்டியைக் கட்டி ஓர் இழுப்பு இழுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும்" என்று ஒருவர் சொல்வார். தயவுசெய்து இழுக்காதீர்கள். 1035-இல் சைலன்சர் மேல்நோக்கி நிற்கும். வாயில் ஒரு தகரம்கூடக் கவிழ்க்காமல் நிறுத்திய வண்டியில் மழைத் தண்ணீர் அந்த வழியாக இறங்கி, வால்வு திறந்து நிற்கும் சிலிண்டருக்குள் போயிருக்கும். பிஸ்டன் ரிங், சிலிண்டரின் உள்சுவரான லைனரோடு துருப்பிடித்து ஒட்டிய நிலையில் கியரைப் போட்டு இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும், ரிங் உடையும்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசில்களைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு துளையிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றுங்கள். ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் இன்னும் ஊற்றி இன்னும் ஒரு வாரம். எங்கள் எஞ்சின் பத்தொன்பதாம் நாள்தான் ஒரு விரல் அளவு நகர்ந்தது. எஞ்சினை அசைக்கும் முன்பே சம்ப் ஆயிலை, அதாவது எஞ்சினின் அடித்தொட்டியில் இருக்கும் ஆயிலை, வடித்துப் பார்த்துவிடுங்கள். முதலில் தண்ணீர் வந்தாலோ, ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி வந்தாலோ, ஹெட்டைக் கழற்றாமல் மேலே போக வேண்டாம்.

இனி மரை விஷயம். இங்கே கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் போல்ட் பிழைக்கும். இந்த வண்டியின் வேர் 1956-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் வந்த பெர்குசன் 35. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் அந்த வழியில்தான் 1035-ஐ இங்கே கொண்டுவந்தது. இதில் உள்ள சிம்ப்சன் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் எஞ்சினும் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் எஞ்சின் நிறுவனத்தின் வழி வந்தது. அதனால் பழைய வண்டிகளில் பெரும்பாலான போல்ட்கள் அங்குலக் கணக்கு; கடைகளில் இன்று சுலபமாகக் கிடைப்பதோ மில்லிமீட்டர் போல்ட். ஐந்து பை பதினாறு அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் போல்ட் அந்தத் துளையில் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். "புது போல்ட் டைட்டாக இருக்கிறது" என்று நினைத்து அழுத்தித் திருகினால் வார்ப்பிரும்பின் மரை மொத்தமாக நாசம். ஸ்பேனரும் அப்படித்தான். அரை அங்குலத் தலைக்கு 13 போட்டால் வழுக்கும், மூன்று முறையில் தலை உருண்டையாகிவிடும். முக்கால் அங்குலத்துக்கு மட்டும் 19 சரியாகப் பொருந்தும். அங்குல ஸ்பேனர் செட் ஒன்று முதலில் வாங்குங்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடம் எழுதிய டப்பாவில் போடுங்கள், பழைய துருப்பிடித்த போல்ட்டாக இருந்தாலும். கடைக்குக் கொண்டுபோய்க் காட்ட அதுதான் மாதிரி.

கிளட்ச் மாற்ற வண்டியை எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இரண்டாகப் பிரிக்கும் வேலைதான் எனக்கு இன்னும் நினைத்தால் நடுக்கம் தருவது. லாரிபோல் இதற்குத் தனி இரும்புச் சட்டகம் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றும் ஒன்றோடொன்று போல்ட்டால் இணைந்து, அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. முன் ஆக்ஸிலோ நடுவில் ஒரே பின்னில் ஊசலாடும்படி அமைந்தது, மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்குவதற்காக. ஆக, பிரித்த நொடியில் எஞ்சின் பாதி அந்த ஒற்றைப் பின்னின் மேல் பக்கவாட்டில் சாயும். அடியில் ஜாக்கி மட்டும் கொடுத்தால் போதாது. பிரிப்பதற்கு முன்பே முன் ஆக்ஸிலுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே இரண்டு பக்கமும் கெட்டியான மர ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். இரண்டு பாதிக்கும் தனித்தனியே ஸ்டாண்டு, சிமென்ட் தரை, கூட இரண்டு ஆள். மண் தரையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

பின் டயரில் தண்ணீர் நிரப்பிய வண்டியாக இருந்தால், சக்கரத்தைக் கழற்றும் முன் அதை வடியுங்கள். நூறு லிட்டருக்கு மேல் இருக்கும். சக்கரம் சாய்ந்தால் ஓர் ஆளால் பிடிக்க முடியாது.

எஞ்சினைத் திறந்தால், கிராங்கை லேத்தில் அளப்பதற்கு முன் பேரிங் வாங்காதீர்கள். அது ஏற்கெனவே பத்து தௌ, இருபது தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கடைந்ததாக இருக்கலாம். கனெக்டிங் ராடு கேப்களை இடம் மாற்றிப் போடவும் கூடாது. எந்த ராடுக்கு எது, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றும் முன் டைமிங் குறியைப் படம் எடுங்கள். டீசல் டேங்கைச் சுத்தம் செய்யாமல் வெல்டிங்குக்குக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து; காலி டேங்கில் நிற்கும் ஆவியே வெடிக்கும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

பின்னால் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் தூக்கவில்லை என்றால் உடனே பம்பைக் குறை சொல்லாதீர்கள். இந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். அதில் தண்ணீரும் சேறும் கலந்திருந்தால் பம்பின் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். முழுக்க வடித்து, வடிகட்டியைக் கழுவி, புது ஆயில் ஊற்றிப் பாருங்கள். எங்கள் வண்டியில் புது பம்புக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் இதைச் செய்தேன். லிஃப்ட் தூக்கியது.

முதல் ஸ்டார்ட்டுக்கு வருவோம். நெடுநாள் நின்ற இன்ஜெக்‌ஷன் பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் வேகம் ஏறிக்கொண்டே போகும், ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது. ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஆயிலைக் குறிக்கு மேல் ஊற்றினாலும் அந்த ஆயிலையே குடித்து இப்படி ஓடும். அதனால் ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு, காற்று உள்ளே போகும் வாயை மூடுகிற அளவில் ஒரு பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கையால் மூடக் கூடாது. எஞ்சின் பிடித்ததும் ஆயில் பிரஷர் முள்ளை மட்டும் பாருங்கள். சில நொடியில் ஏறாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

பெயின்ட் இதற்கெல்லாம் பிறகுதான். முதலில் அடித்தால் டீசல் கசிவும் ஸ்பேனர் கீறலும் அதைத் தின்றுவிடும். வயலில் சில வாரம் ஓட்டி, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சரிசெய்து, கிரீஸ் போகக் கழுவிய பிறகு அடியுங்கள். பானட்டும் மட்கார்டும் சிவப்பு, எஞ்சினும் கியர்பாக்ஸும் சாம்பல் நிறம். மொத்த வண்டிக்கும் சிவப்பு அடித்துவிடுகிறார்கள். பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. எங்கள் பானட்டின் உள்பக்கம், அப்பா சர்வீஸ் தேதிகளைச் சாக்பீஸால் எழுதி வைத்த இடத்தில் மட்டும் நான் பெயின்ட் அடிக்கவில்லை.