கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டு டெஸ்க்டாப் ஆன் ஆகாமல் படுத்துவது மூன்று விதம். பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இருக்காது. அல்லது ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. அல்லது லோகோ வரை வந்து, விண்டோஸ் வராமல் நின்றுவிடும். உங்களுடையது இதில் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதைப் பார்க்காமலேயே "போர்டு போயிடுச்சு" என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு சத்தமும் இல்லை

அதே பிளக் பாயிண்டில் மொபைல் சார்ஜரைச் செருகி, கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். யூபிஎஸ் இருந்தால் அதை விட்டுவிட்டு நேராகச் சுவரில் கொடுங்கள். பேட்டரி செத்த யூபிஎஸ் சில நேரம் கரண்ட் இருந்தாலும் வெளியே விடாது. கேபினெட்டின் பின்புறம், பவர் கார்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் எஸ்எம்பிஎஸ்ஸின், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியின், சின்ன சுவிட்ச் இருக்கும். அதில் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும், வட்டம் போட்ட பக்கம் அல்ல. வீடு துடைக்கும்போது கை பட்டு அது ஆஃப் ஆவது சகஜம்.

இதெல்லாம் சரியாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மிச்சக் கரண்ட் இறங்க பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் உள்ள ஸ்டேட்டிக் அதில் போய்விடும்.

கேபினெட் பட்டனே கெட்டுப்போயிருக்கலாம். அதிலிருந்து வரும் இரண்டு பின் ஒயர், எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டின் ஓரத்தில் செருகியிருக்கும், அதன் மேலேயே 'பவர்' என்று எழுதியிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு, ரீசெட் பட்டனின் ஒயரை அங்கே செருகி, மறுபடி கரண்ட் கொடுத்து ரீசெட்டை அழுத்துங்கள். ஆன் ஆனால் கோளாறு பட்டனில்தான். புது பட்டன் வாங்கும்வரை ரீசெட்டிலேயே ஓட்டலாம், ஒன்றும் ஆகாது.

அப்போதும் அசையவில்லை என்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான். நண்பரிடம் இன்னொன்று இருந்தால் மாற்றிப் பாருங்கள். அந்தப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கிப்போடும் வோல்டேஜ் தங்கியிருக்கும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

முதலில் மானிட்டர். 'நோ சிக்னல்' என்று காட்டினால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிளை அதில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல.

அடுத்தது ராம், மதர்போர்டில் நிற்க வைத்துச் செருகியிருக்கும் நீளமான மெமரி பட்டை. தூசியும் ஈரக் காற்றும் உள்ள வீடுகளில் முதல் குற்றவாளி பெரும்பாலும் இதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமின் முனைகளில் உள்ள கிளிப்பைத் தள்ளினால் அது தானாக மேலே எழும்பும். அடியில் தங்க நிறத்தில் உள்ள பட்டைகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேயுங்கள். துகளை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டை வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ராமில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் சேர்கிறதா என்று பார்த்து, 'டக்' என்று கேட்கும்வரை இரண்டு முனையையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். புதியவர்கள் பயந்து பாதி அழுத்தத்தில் விட்டுவிடுகிறார்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்று ஒன்றாக, ஸ்லாட் மாற்றிப் போட்டுப் பாருங்கள். டிடிஆர்5 ராம் உள்ள கம்ப்யூட்டர் என்றால் பொறுமை வேண்டும். ராமைத் தொட்ட பிறகு முதல் முறை சில நிமிடம் கறுப்பாகவே நிற்கும், அது இயல்பு.

பிராசஸருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 பின் உள்ள 12 வோல்ட் கனெக்டர் ஒன்று உண்டு. தூசி தட்டக் கழற்றியவர்கள் இதை மாட்ட மறப்பார்கள். ஃபேன் சுற்றும், ஆனால் பிராசஸருக்குக் கரண்ட் போகாது.

கடைசியாக, காசு போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி. பிளக்கைப் பிடுங்கிய நிலையில் அதை ஐந்து நிமிடம் எடுத்து வைத்தால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் புரோகிராம், அதன் செட்டிங் வாங்கியபோது இருந்த நிலைக்குப் போகும். பல புதிய போர்டுகளில் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

லோகோ வருகிறது, விண்டோஸ் வரவில்லை

பென்டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். 'பூட் டிவைஸ்' இல்லை என்று சொன்னால், ஆன் ஆகும்போதே டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய், டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் அதன் கேபிள்களைக் கழற்றி மாட்டுங்கள். தெரிந்தால், பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருக்கிறதா பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மறுபடி மறுபடி ஆன் செய்ய வேண்டாம், உள்ள டேட்டாவும் போய்விடும்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள். இப்படித் தொடர்ந்து இரண்டு மூன்று தடவை பாதியில் நின்றால் விண்டோஸ் 10, 11 தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் ரிப்பேர் என்று வரிசையாகப் போங்கள். அது கைகொடுக்கவில்லை என்றால் அதே இடத்தில் புதிதாக வந்த அப்டேட்டை நீக்கிப் பாருங்கள். நடுவில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி, 48 இலக்க எண் கேட்டால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், மொபைலிலிருந்தே பார்க்கலாம்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் கடைக்குத்தான் போக வேண்டும். எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். "ஃபார்மட் பண்ணிடவா?" என்று கேட்டால், டேட்டாவை எடுத்து வைத்த பிறகு என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.