சொந்தங்களைப் பார்க்க வெளிநாடு போகிறீர்களா? கிளம்பும் முன் இதையெல்லாம் செய்துவிடுங்கள்

மகள் வீட்டுக்குத்தானே போகிறோம், எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள் என்று பாதித் தயாரிப்போடு கிளம்புகிறவர்கள் நிறைய பேர். அவள் பார்த்துக்கொள்வாள்தான். ஆனால் அது விமான நிலையத்தின் வெளிவாசலைத் தாண்டிய பிறகு. அதுவரை ஒவ்வொரு கவுன்ட்டரிலும் நீங்களேதான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். பயணம் முடியும்வரை செல்லும் என்பது போதாது, குறைந்தது 6 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் கணக்கு வேறு: அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு 3 மாதம் பாக்கி இருக்க வேண்டும். குறுகிய கால விசாவில் அங்கே தங்குவதும் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்தான், பேரப்பிள்ளைக்காக இன்னும் பத்து நாள் இருந்துவிட்டு வரலாம் என்றால் நடக்காது. டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நடுவில் விமானம் மாறும் நாட்டுக்கு ட்ரான்சிட் விசா வேண்டுமா என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

அடுத்து மருந்து. இதில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். என் பெரியம்மா மாத்திரை முழுவதையும் பெரிய பெட்டியில் வைத்துவிட்டார், பெட்டி இரண்டு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இல்லாமல் அவர் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நாளும் எங்களுக்குத் தூக்கமே இல்லை. அதனால் மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும். டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாமல், பெயர் தெரியும்படி அட்டையோடு வையுங்கள். டாக்டர் சீட்டில் பிராண்டு பெயரோடு மருந்தின் பொதுப் பெயரையும் எழுதி வாங்குங்கள், ஏனென்றால் இங்கே விற்கும் பிராண்டு அங்கே யாருக்கும் தெரியாமல் போகலாம். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை போன்றவற்றுக்குச் சில நாடுகளில் முன் அனுமதி வேண்டும், அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கும் நோயை மறைக்காதீர்கள். அதற்கு எவ்வளவு தருவார்கள் என்ற பகுதியை மட்டுமாவது முழுசாகப் படியுங்கள்.

அப்புறம் ஒரு தாள். போன் சார்ஜ் தீர்ந்துவிடும், ஏர்போர்ட் வைஃபையோ ஓடிபி கேட்கும், அந்த நேரத்தில் கையில் இருப்பது அந்தத் தாள்தான். போய்த் தங்கும் வீட்டின் முழு முகவரி, பின்கோடு, இரண்டு போன் எண்கள், திரும்பும் தேதி, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள். இமிக்ரேஷனில் யாரைப் பார்க்க வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள் என்று கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி, சுருக்கமாகச் சொன்னால் போதும். மொழி பயமாக இருந்தால் பிள்ளையை ஒருநாள் போனில் இதே கேள்விகளைக் கேட்கச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

நீண்ட தூரம் நடக்க முடியாது என்றால் தயங்காமல் வீல்சேர் கேளுங்கள், 48 மணி நேரத்துக்கு முன்பே ஏர்லைனிடம் சொல்லிவிடுவது நல்லது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், அதன் பேட்டரி அளவு 100 வாட்-அவருக்குள் (Wh) இருக்க வேண்டும் (20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-அவர், பிரச்சினை இல்லை). பேங்க் ஓடிபி வரும் சிம்முக்குக் கிளம்பும் முன்பே ரோமிங் போட்டுவிடுங்கள். ஆசையாகச் செய்து எடுத்துப்போகும் பலகாரம், விதை, பழம் எதுவானாலும் அந்த நாட்டில் அனுமதி உண்டா என்று பாருங்கள், கஸ்டம்ஸ் படிவத்தில் கேட்டால் எழுதிவிடுங்கள்.

கடைசியாக, வெளியே வரும்போது எந்த வாசலில், எந்தப் பலகைக்குக் கீழே நிற்பார்கள் என்று முதல்நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். போன் வேலை செய்யாவிட்டாலும் நீங்கள் நேராக அங்கே போய் நிற்கலாம்.