யெல்லோநைஃப் முதல் இக்காலுயிட் வரை: வான்தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடலாம்

கனடாவின் வடக்கே, யெல்லோநைஃப் நகரிலிருந்து இக்காலுயிட் நகருக்குப் பயணத் திட்டம் போட்டபோது எனக்குத் தேவைப்பட்ட கணக்கு இது. இக்காலுயிட் பாஃபின் தீவில் இருக்கிறது. வெளியிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. ஆகவே விமானக் கணக்கு சரியாக இருந்தால்தான் மற்றத் திட்டங்கள் நிற்கும்.

முதலில் இரண்டு விமான நிலையங்களின் இருப்பிடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். யெல்லோநைஃப்: வடக்கு 62.46, மேற்கு 114.44. இக்காலுயிட்: வடக்கு 63.76, மேற்கு 68.56. இரண்டும் மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கழிக்க வேண்டும், வித்தியாசம் 45.88 பாகை.

நான் சறுக்கியது இங்கேதான். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினேன். 5,000 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. அந்த 111 நிலநடுக்கோட்டுக்கு உரிய அளவு. துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும். 63 பாகை வடக்கில் ஒரு பாகையின் அகலம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். வடக்கே எந்த ஊருக்குக் கணக்குப் போட்டாலும் இதை மறக்காதீர்கள்.

சரியான வழி: இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். பிறகு அவற்றின் காஸ் மதிப்புகளைப் பெருக்கி, அதை 45.88-இன் காஸ் மதிப்பாலும் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டினால் 0.9376. இதன் தலைகீழ் காஸ் (கால்குலேட்டரில் cos⁻¹) 20.34 பாகை. இப்போது 111.2-ஆல் பெருக்கலாம், ஏனென்றால் இது பூமியின் பெருவட்டத்தில், அதாவது நிலநடுக்கோட்டைப் போலப் பூமியை இரு சம பாதியாகப் பிரிக்கும் வட்டத்தில், அளந்த கோணம். விடை சுமார் 2,262 கிலோமீட்டர்.

இதற்குச் சாதாரண அறிவியல் கால்குலேட்டரே போதும். தூரத்தை மட்டும் காட்டும் தளங்களைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். தவறு எந்தப் படியில் நுழைந்தது என்று கண்ணுக்குத் தெரியும். தொடங்கும் முன் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வராவிட்டால் கருவி பாகையில் இல்லை, பெரும்பாலும் ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருக்கும்.

அடுத்தது நேரம். மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் ஜெட் என்றால் 2 மணி 50 நிமிடம். ஏறி இறங்க அரை மணி சேருங்கள். ஏடிஆர் 42 போன்ற சுழல்விசிறி விமானத்துக்கு 500 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அப்போது பறப்பதற்கு மட்டுமே நாலரை மணி நேரம்.

பின்சேர்க்கை: வழியில் ரேங்கின் இன்லெட் என்ற ஊரில் நின்றால் தூரம் எவ்வளவு கூடும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். யெல்லோநைஃபிலிருந்து அங்கே 1,136-உம் அங்கிருந்து இக்காலுயிட்டுக்கு 1,176-உம் சேர்ந்து 2,312. ஐம்பது கிலோமீட்டர்தான் அதிகம். ஆனால் இன்னொரு முறை இறங்கி ஏறுவதற்கும் தரையில் நிற்பதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள்.

இன்னொருவர், டிக்கெட்டில் உள்ள நேரம் என் கணக்கோடு ஒத்துவரவில்லை என்றார். இக்காலுயிட் கடிகாரம் யெல்லோநைஃபைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அந்த இரண்டைக் கூட்டுங்கள், திரும்பும்போது கழியுங்கள். திரும்பும் வழியில் பெரும்பாலும் மேற்குக் காற்று எதிரே வீசும் என்பதால், பறக்கும் நேரத்தில் சிறிது கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.