சீகையை வெட்டக் கிளம்பும் முன்: ஊட்டி ஓடைக்கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டியில் வீடுகளுக்கு நடுவே ஓடும் ஓடைகளின் கரையைப் பார்த்தால் மனசு பதறும். மேட்டில் சீகை (சீயக்காய் அல்ல, வாட்டில் என்கிற ஆஸ்திரேலிய மரம்), அதன் அடியில் செஸ்ட்ரம், யூபடோரியம் புதர்கள், தண்ணீர் ஓரம் முழுக்க வெள்ளைப் பூவோடு காலா லில்லி. எல்லாமே வெளிநாட்டிலிருந்து வந்து பரவியவை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, இந்த மலையின் சொந்தக் காடான சோலையின் மரக் கன்றுகளை நட்டுவிடலாம் என்று ஆள் திரட்டுகிறோம். அந்த அவசரம்தான் பெரிய தவறு.

நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஒரு சரிவை மொட்டையடித்து, தழையை அங்கேயே குவித்துக் கொளுத்தினோம். அடுத்த மழையில் கீரைப்பாத்தி மாதிரி சீகை முளைத்தது, கால் வைக்க இடமில்லை. சீகை விதையின் ஓடு கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீச்சூடு பட்டால் ஓடு விரிந்து முளைவிடும். நட்ட சோலைக் கன்றுகளோ ஜனவரி உறைபனியில் கருகிப்போயின. சோலை மரக் கன்று பெரும்பாலும் நிழலில் வளர்வது, திறந்தவெளிப் பனியைத் தாங்காது.

இப்போதெல்லாம் அரிவாளை எடுக்கும் முன் சீகையடியில் மண்டியிட்டுப் பார்க்கிறோம். செஸ்ட்ரத்தை விலக்கினால் விரல் நீளத்தில் ஒரு நாவல் இனக் கன்று, நுனியில் செந்தளிர். பறவை போட்ட விதை. அதற்குக் குடை பிடித்து நிற்பது அந்தச் சீகைதான். கன்றுக்குப் பக்கத்தில் குச்சி ஊன்றி, சுற்றியுள்ள புதரை மட்டும் வேரோடு எடுங்கள். சீகையை வருடத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தால் போதும். அதற்கும் அனுமதி வாங்க வேண்டும்; மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 பட்டா நிலத்துக்கும் பொருந்தும்.

காலா லில்லியை இலையைப் பிடித்து இழுக்காதீர்கள். தண்டு வழுக்கிக் கையோடு வந்துவிடும், கிழங்கு சேற்றுக்குள்ளேயே இருக்கும். சுற்றிலும் தோண்டிக் கிழங்கோடு தூக்குங்கள். துண்டு மிஞ்சினாலும் திரும்பத் தழைக்கும். தோண்டியதைக் கரையில் விடவே கூடாது, அடுத்த வெள்ளம் கீழே இருப்பவர்கள் கரையில் நட்டுவிடும்.

குன்னூர் இறக்கத்தில் உண்ணிச்செடியை மேலாக வெட்டினால் இன்னும் அடர்ந்து கிளைக்கும். மண்ணுக்குக் கொஞ்சம் கீழே தூரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். ஜேசிபி இறக்குவது வேண்டவே வேண்டாம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மனசுக்குக் கஷ்டமான இன்னொன்று: காலியாகக் கிடக்கிறதே என்று சதுப்பில் மரம் நடுவது. கோரையும் புல்லும் நிற்கும் அந்த மண் பஞ்சு மாதிரி மழையைக் குடித்து வைத்து, கோடையில் ஓடைக்குச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. அங்கே லில்லியையும் கிக்குயு புல்லையும் எடுத்துவிட்டு, மீதியைக் கோரையிடமே விடுங்கள்.

நட்டுப் படம் எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மழை விட்ட மறுநாள் போங்கள். சாண் உயரச் சீகை நாற்று இரண்டு விரலுக்கு வேரோடு வரும். இடுப்பு உயரம் போய்விட்டால் கடப்பாரை தேடவேண்டி வரும்.