சாவி என் பையில் இருந்தது

சென்ற வாரம் இரண்டு இளம் ஆசிரியர்கள் தங்கள் செயலாய்வு முன்வரைவைக் கொண்டுவந்து காட்டினார்கள். தன் பள்ளியில் ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து ஆசிரியரே நடத்தும் ஆய்வுதான் செயலாய்வு. இருவரும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் பணியாற்றுகிறவர்கள். நூலகத்தை எல்லாரும் கூடிக் கற்கும் இடமாக்க வேண்டும் என்ற ஆசை வரிக்கு வரி தெரிந்தது. நான் அந்நாளில் செய்த தவறுகளும் அப்படியே தெரிந்தன. எழுத்துப்பிழை, தாமதம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகத் திருந்தும்.

முதலில் மாற்றிவிட்டு, பிறகு கவனிப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) திரட்டிக் கொடுத்தது. செம்பனைக் குலை வெட்டியவர்களின் உழைப்பு அது. நான் உடனே சுவருக்குச் சாயம் பூசினேன், வட்ட மேசைகள் வாங்கினேன். இரண்டு வாரம் கூட்டம் வந்தது. மூன்றாவது வாரம் அறை வெறிச்சோடியது. அறிக்கை எழுத உட்கார்ந்தால் கையில் ஒன்றுமில்லை. முன்பு எத்தனை பேர் வந்தார்கள், மற்றவர்கள் ஏன் வரவில்லை, எதையும் நான் குறித்து வைக்கவில்லை.

மறு ஆண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பத்து நாள் நூலக வாசலில் உட்கார்ந்தேன். ஓய்வு நேரம் 20 நிமிடம். பாதி சிற்றுண்டிச்சாலை வரிசையிலேயே போய்விடுகிறது. ஆனால் பள்ளி விட்டபின் வேனுக்காகப் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் நடைபாதையில் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் நூலகம் பூட்டிக் கிடந்தது. சாவி என் பையில் இருந்தது.

கதவைத் திறந்து வைக்க ஒரு காசும் செலவாகவில்லை. பேரனை அழைத்துப்போக வந்த பாட்டி ஒருவர் உள்ளே வந்து அமர்ந்தார். எழுத்தறியாதவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாழ்க்கையைக் கதை கதையாகச் சொன்னார். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அந்தத் தாள்களைத் தைத்து அலமாரியில் வைத்தோம். அவற்றைத்தான் பிள்ளைகள் மாறி மாறிக் கேட்டு வாங்கினார்கள்.

திட்டமிடல், செயல்படல், கவனித்தல், சிந்தித்தல் என்று கல்வி ஆய்வாளர்கள் கெம்மிசும் மெக்டாகார்ட்டும் வகுத்த செயலாய்வுச் சுழற்சியை எல்லாரும் முன்வரைவில் அழகாக வரைகிறோம். முதல் திட்டத்துக்கு முன்னும் கவனிப்பு வேண்டும். பத்து நாள் போதும். அதைச் செய்யாமல் பணத்தைத் தொடாதீர்கள்.

நிலாம் பதிவையே வாசிப்பு என்று நம்புவது

நிலாம் என்பது மலேசியப் பள்ளிகளின் வாசிப்புத் திட்டம். படித்த நூல்களைப் பிள்ளைகள் அதில் பதிவார்கள். பதிவு இப்போது இணையத்தில் ஏறுவதால் எண்ணிக்கை சட்டென்று கிடைக்கிறது. ஒரே சுருக்கத்தை நான்கு பிள்ளைகள் பதிந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நூலைக் கையில் கொடுத்து, பிடித்த ஒரு பக்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

எட்டுப் பேருக்கு விழுக்காடு

150 மாணவர்கூட இல்லாத பள்ளிகள் நம்முடையவை. எட்டுப் பேர் வகுப்பில் "25 விழுக்காடு உயர்வு" என்றால் இரண்டு பிள்ளைகள். பெயரை மறைத்து, அந்த இருவருக்கும் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

கிழியும் என்று பூட்டி வைப்பது

கிழிந்தால் ஒட்டலாம். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதுதான் நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது.

ஒருவரே சுமப்பது

நான் மாற்றலாகிப் போனதும் அந்த நூலகம் மறுபடி பூட்டப்பட்டது. சாவி யாரிடம் இருக்கும் என்பதை என் திட்டத்தில் எழுதவே இல்லை. இப்போதுள்ள பள்ளியில் இரண்டாவது சாவி அலுவலகச் சுவரில் தொங்குகிறது. பள்ளி விடும் மணி அடித்ததும் நூலகக் கண்காணிப்பாளர் பிள்ளைகளே கையெழுத்திட்டு எடுத்துப் போகிறார்கள்.