போல்டு இட்டாலிக் செரிஃப்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

டிடிபி வேலைக்குப் புதிதாக வருபவர்கள், எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, அளவுக் குழப்பம் எல்லாம் புரூஃபிலேயே சிக்கிவிடும். ஆங்கில செரிஃபின், அதாவது கோட்டு முனைகளில் சிறு கொம்பு வைத்த எழுத்தின், போல்டு இட்டாலிக்கில் (தடித்துச் சாய்ந்த வடிவில்) நடக்கும் தவறுகள் அச்சாகி வரும்வரை கண்ணில் படாது.

இல்லாத ஃபான்டை உண்டாக்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ரெகுலர் ஃபைலை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு 'பி', 'ஐ' பொத்தான்களைத் தட்டுவார்கள். மென்பொருளும் நேர் எழுத்தைச் சாய்த்து, ஓரத்தைத் தடிக்க வைத்துக் கொடுத்துவிடும்.

இட்டாலிக் என்பது சாய்த்த எழுத்து அல்ல. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனுசியஸ் அச்சிட்ட விர்ஜில் நூலுக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய இட்டாலிக், அக்காலக் கையெழுத்தைப் பார்த்துச் செய்தது. அதனால்தான் நேர் எழுத்தில் இரண்டு அடுக்காக இருக்கும் ஆங்கிலச் சிறிய 'ஏ' (a) இட்டாலிக்கில் ஒற்றை வட்டமாகிறது. 'எஃப்' (f) பல ஃபான்ட் குடும்பங்களில் கோட்டுக்குக் கீழே வால் விடுகிறது. போல்டு இட்டாலிக் என்றால் எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று தனியாக வரைந்திருப்பார்கள். பொத்தானுக்கு அதெல்லாம் தெரியாது.

ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர் பிளேஃபேர் டிஸ்ப்ளே என்ற ஃபான்டில், பொத்தானைத் தட்டி உண்டாக்கிய போல்டு இட்டாலிக்கில், தங்க ஃபாயிலில் (அழுத்தி ஒட்டும் மினுமினுப்புத் தாளில்). திரையில் பளிச்சென்றுதான் இருந்தது. ஃபாயில் ஏறியதும் ஆங்கில 'ஈ'யின் (e) கண்ணெல்லாம் அடைத்துக்கொண்டது. வீட்டார் வாங்க மறுத்துவிட்டார்கள். அச்சு பிளாக் புதிது, அட்டை புதிது, செலவு அச்சகத்தின் தலையில். இத்தனைக்கும் அந்தக் குடும்பத்தில் அசல் போல்டு இட்டாலிக் இலவசமாகவே கிடைக்கிறது! வயிறு எரியாதா?

சரி, கண்டுபிடிப்பது எப்படி? சிறிய 'ஏ'யைப் பாருங்கள். சாய்ந்தும் இரண்டு அடுக்காகவே நின்றால் பெரும்பாலும் போலிதான். அப்புறம் ஃபான்ட் பட்டியலில் போல்டு இட்டாலிக் தனிப் பெயராக இருக்கிறதா என்று பாருங்கள். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைன் இல்லாததை உண்டாக்காது. வேர்டும் பிரவுசரும் கேட்காமலே உண்டாக்கும். இணையப் பக்கமானால், அதன் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட்-சிந்தசிஸை (font-synthesis) 'நன்' (none) என்று வைத்துவிடுங்கள்.

தமிழையும் சேர்த்துச் சாய்ப்பது

வேண்டாம். பெரும்பாலான தமிழ் ஃபான்ட்களுக்கு வரைந்த இட்டாலிக்கே கிடையாது.

பத்தி முழுக்கப் போடுவது

நாலு சொல்லோடு நிறுத்துங்கள்.

எல்லா செரிஃபும் ஒன்றென நினைப்பது

போடோனி என்ற ஃபான்டின் போல்டு இட்டாலிக்கில் தடித்த கோட்டை ஒட்டியே மயிரிழைக் கோடு வரும். பெரிய தலைப்பில் கம்பீரம். செய்தித்தாளில் கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகச் சிறிதாகப் போட்டால் மை பரவி மயிரிழை காணாமல் போகும். சிகாகோவின் ஆஸ்வால்டு கூப்பர் வரைந்த கூப்பர் பிளாக் ஃபான்டின் இட்டாலிக்கில் மயிரிழையே இல்லை. எல்லாம் உருண்டை, குண்டு. கடைப் பலகைக்கு ஜோர். அதையே கல்யாணப் பத்திரிகையில் போட்டால் பிஸ்கட் பாக்கெட் மாதிரி இருக்கும்.

முழுக்க கேப்பிட்டலில் அடிப்பது

அழகெல்லாம் சிறிய எழுத்தில்தான். இரண்டு பெயருக்கு நடுவே வரும் ஆம்பர்சாண்டிலும் (&).

அடைப்புக்குறியைக் கவனிக்காதது

சாய்ந்த 'எஃப்', 'டி' (d) இரண்டும் பக்கத்தில் நேராக நிற்கும் அடைப்புக்குறியில் போய் முட்டும். டெக் (TeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் இதைச் சரிசெய்யவே தனிக் கட்டளை இருக்கிறது. மற்ற மென்பொருளில் கெர்னிங்கை (எழுத்துக்கு எழுத்து இடைவெளியை) கையால் கொஞ்சம் விலக்கிவிட வேண்டியதுதான்.